‘நெகட்டிவ்’ என்று எழுதிக் கொடுத்தவளின் மடல்

சேலத்திலும் ஏற்காட்டு மலையிலும் கிளினிக் வைத்திருக்கும் டாக்டர்களுக்கு,

வணக்கம்.

நான் டாக்டர் இல்லை. முப்பத்தொரு வருஷம் ரத்தம், சளி, சிறுநீர் என்று மற்றவர்கள் முகம் சுளிக்கும் சங்கதிகளோடு பிழைத்த லேப் டெக்னீஷியன். உங்களில் பலருடைய கையெழுத்து எனக்குத் தெரியும். என் கையெழுத்தும் உங்களுக்குத் தெரிந்திருக்கும், முகம்தான் தெரியாது. ரிப்போர்ட்டின் அடியில் சின்னதாகக் கிறுக்கி, சீல் குத்தி அனுப்புவேனே, அந்த ஆள். ஓய்வுபெற்று இரண்டு வருஷம் ஆகிறது. எத்தனையோ ஆயிரம் சீட்டு எழுதியிருப்பேன், எல்லாம் மறந்துபோச்சு. ஒரே ஒரு சீட்டு மட்டும் மனசை விட்டுப் போகமாட்டேன் என்கிறது. அதைச் சொல்லத்தான் எழுத உட்கார்ந்தேன்.

2019 ஐப்பசி, நல்ல அடைமழை. செவ்வாய்ப்பேட்டையில் ஒரு கொலுசுப் பட்டறையில் பற்றவைக்கும் வேலை பார்க்கும் ஒருவர், சளி டப்பாவைப் பிளாஸ்டிக் பையில் சுற்றி எடுத்துக்கொண்டு வந்தார். நாற்பது வயது இருக்கும். இரண்டு மாதமாக இருமல், சாயங்காலமானால் காய்ச்சல். வேட்டி இடுப்பில் நிற்க மாட்டேங்குது என்று சிரித்துக்கொண்டே சொன்னார். கையில் எக்ஸ்ரே உறை. ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தேன். டெக்னீஷியன்களுக்கு அது ஒரு கெட்ட பழக்கம். இரண்டு பக்கமும் சுத்தமாகத்தான் தெரிந்தது. அனுப்பிய டாக்டரும் ‘நார்மல்’ என்றே எழுதியிருந்தார்.

ஸ்மியர் போட்டேன். சளியின் கெட்டியான பகுதியைக் குச்சியால் எடுத்து ஸ்லைடில் தேய்த்துக் காயவைத்து, கார்பால் ஃபுக்சின் ஊற்றி, கீழே விளக்கைக் காட்டி ஆவி கிளம்பும்வரை சூடாக்கி, ஆறவிட்டு, அமிலத்தில் கழுவி, கடைசியில் மெத்திலீன் நீலம். காசநோய்க் கிருமி அமிலத்துக்கு மசியாமல் சிவப்பைப் பிடித்துக்கொண்டு நிற்கும், சுற்றியிருப்பதெல்லாம் நீலமாகிவிடும். எண்ணெய் விட்டு நூறு ஃபீல்டு, அதாவது லென்ஸில் ஒரு பார்வைக்குத் தெரியும் வட்டம் நூறு, நகர்த்திப் பார்த்த பிறகுதான் ‘நெகட்டிவ்’ எழுதலாம் என்பது விதி. நான் நூறையும் பார்த்தேன். அவசரப்படவில்லை, பக்கத்தில் யாரோடும் பேசிக்கொண்டு பார்க்கவில்லை. எந்தக் கோயிலில் வேண்டுமானாலும் சத்தியம் பண்ணுவேன். மறுநாள் காலைச் சளியையும் அப்படியே பார்த்தேன். ஒரு சிவப்புக் குச்சிகூட இல்லை.

“ஒண்ணும் இல்லீங்களாக்கா?”

“ஒண்ணும் இல்லீங்க. நெகட்டிவ்.”

கும்பிட்டுவிட்டுப் போனார்.

திரும்ப வந்தது மாசியில், ஊரடங்குக்குச் சில வாரம் முன்பு. இந்த முறை தனியாக நடந்து வரவில்லை, மனைவி கையைப் பிடித்துக் கூட்டிவந்தார். கழுத்தில் வலது பக்கம் எலுமிச்சம்பழம் அளவில் ஒரு கட்டி, தொட்டால் கொழகொழவென்று. எங்கள் பேத்தாலஜி மேடம் ஊசி குத்தி உறிஞ்சினார். சீழ்தான் வந்தது. அதே சாயம், அதே மைக்ரோஸ்கோப், அதே ஸ்டூல். எண்ணெய் விட்டு லென்ஸை இறக்கியதும் முதல் ஃபீல்டிலேயே குங்குமத்தைக் கொட்டினது போல் கிடந்தது. எண்ண முடியவில்லை. சளியாக இருந்திருந்தால் 3+ என்று போட்டிருப்பேன், அதற்கு மேல் எழுத விதியில் இடமில்லை. நாலு மாதம் முன்பு இருநூறு ஃபீல்டு தேடியும் ஒன்றுகூடக் கண்ணில் படாத அதே மனிதர்.

மேடம் தன் ஸ்லைடைப் பார்த்துவிட்டு, “கிரானுலோமா ஒண்ணுகூடக் கட்டலை. இவருக்கு எச்.ஐ.வி. பார்த்தாங்களா?” என்று கேட்டார். ஐந்து மாதத்தில் மூன்று கிளினிக் ஏறி இறங்கியிருக்கிறார். யாரும் பார்க்கவில்லை. அன்றைக்கே பார்த்தோம், பாசிட்டிவ். அரசு மையத்திலும் அதுவே உறுதியானது. கிருமியை எதிர்க்கும் வெள்ளணுக்களில் ஒரு வகையான சிடி4 செல்லின் எண்ணிக்கை 61. நல்ல ஆரோக்கியமான ஆளுக்கு 500-க்குக் குறையாமல் இருக்க வேண்டியது.

அன்றைக்கு மேடம் விளக்கியதும், அப்புறம் நானாகத் தேடிப் படித்ததும் சேர்த்து எழுதுகிறேன். உங்களுக்குத் தெரியாதது இதில் எதுவும் இருக்காது. ஆனால் படித்தபோது தெரிந்தது, வரிசையில் முப்பது டோக்கன் காத்திருக்கும்போது மேசைக்கு வருவதில்லை.

காற்றுப்பைகளை எல்லாம் பிரித்து விரித்தால் எழுபது சதுர மீட்டர் வரும் என்கிறார்கள். நாளெல்லாம் வெளிக்காற்று வந்து உரசும் அந்தப் பரப்பில் காவலுக்கு நிற்பவை மேக்ரோஃபேஜ் என்னும் விழுங்கும் செல்கள். நோயில்லாத ஒருவரின் நுரையீரலைச் சலைன் விட்டுக் கழுவி எடுத்தால், வரும் செல்களில் பத்துக்கு எட்டு ஒன்பது இவைதான். தூசு, புகை, கிருமி, எது வந்தாலும் விழுங்கும். காசநோய்க் கிருமி மட்டும் விழுங்கின பிறகும் சாகாது, விழுங்கினவன் வயிற்றுக்குள்ளேயே குடும்பம் நடத்தும். அப்போது சிடி4 செல்கள் வந்தாக வேண்டும். அவை சுரக்கும் இன்டர்ஃபெரான் காமா பட்டால்தான் மேக்ரோஃபேஜுக்குக் கிருமியைக் கொல்லும் வேகம் பிறக்கும். அப்படியும் கொல்ல முடியாத இடத்தில் எல்லாச் செல்களும் சுற்றிலும் நெருக்கியடித்து நின்று கிருமியை உள்ளே வைத்து அடைக்கும். அதுதான் கிரானுலோமா. அதன் நடுப்பகுதி செத்துக் கட்டித்தயிர் மாதிரி ஆகி, ஒரு கட்டத்தில் இளகி, மூச்சுக்குழாய்க்குள் உடைத்துக்கொண்டு கொட்டும். அப்படி உடைந்த இடம்தான் எக்ஸ்ரேயில் நாம் தேடும் குழி. அதிலிருந்து கொட்டியதுதான் என் ஸ்லைடில் சிவப்பாக நிற்பது.

இதில் சிடி4-ஐ எடுத்துவிட்டால் என்ன ஆகும் என்பதைத்தான் அந்தக் கொலுசுக்காரரின் கழுத்தில் பார்த்தேன்.

எச்.ஐ.வி. எல்லாச் சிடி4 செல்களையும் ஒரே வரிசையில் அழிப்பதில்லை. காசநோய்க் கிருமியை அடையாளம் கண்டு வைத்திருக்கும் செல்கள் முதலிலேயே பலியாகின்றன என்று ஆப்பிரிக்காவில் நடந்த ஆய்வுகள் காட்டின. தென்னாப்பிரிக்காவின் தங்கச் சுரங்கத் தொழிலாளர்களிடம், எச்.ஐ.வி. தொற்றிய முதல் வருஷத்துக்குள்ளேயே காசநோய் வரும் வாய்ப்பு இரண்டு மடங்காகியிருந்தது. மொத்த எண்ணிக்கை பெரிதாக விழாத கட்டத்திலேயே இப்படி என்றால், ‘சிடி4 நல்லாத்தானே இருக்கு’ என்று நிம்மதியாக இருக்க முடியுமா?

காவலுக்கு நிற்கும் மேக்ரோஃபேஜும் தப்புவதில்லை. அதற்குள்ளும் வைரஸ் நுழைகிறது. சிடி4 செல் மாதிரி சீக்கிரம் செத்துப்போகாமல், வைரஸைச் சுமந்துகொண்டே வேலைக்கு வருகிறது. மலாவியில், நோய்க்குறி எதுவும் இல்லாத எச்.ஐ.வி. உள்ளவர்களின் நுரையீரலைக் கழுவி எடுத்துப் பார்த்தார்கள். சின்ன அளவு மேக்ரோஃபேஜ்களில்தான் வைரஸ் அதிகம் குடியிருந்தது, அவற்றின் விழுங்கும் திறனும் குறைந்திருந்தது. இன்னொன்றும் படித்தேன். சாதாரணமாகக் கிருமி புகுந்த மேக்ரோஃபேஜ் தன்னையே மாய்த்துக்கொண்டு கிருமியையும் கூட்டிக்கொண்டு போகும். எச்.ஐ.வி. உள்ளவரின் நுரையீரலில் அந்த ரோஷம் மழுங்கிவிடுகிறது. இதற்கு நடுவே சிடி8 என்னும் இன்னொரு வகை வெள்ளணுக்கள் கும்பலாக வந்து காற்றுப்பைகளில் உட்கார்ந்துகொள்ளும். கூட்டம் இருக்கும், காவல் இருக்காது. ஆன்டிபாடியின் தரமும் கெட்டுவிடுவதால் சாதாரண நிமோனியாகூடத் திரும்பத் திரும்ப வரும். ஒரே வருஷத்தில் இரண்டு முறை நிமோனியா வந்த இளவட்டத்துக்கு எச்.ஐ.வி. பரிசோதனை எழுதாத சீட்டுகளை என் மேசையில் நிறையவே பார்த்திருக்கிறேன்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். அடைத்து நிற்க ஆள் இல்லாததால் கிரானுலோமா கட்டாது. அது கட்டாவிட்டால் நடுவில் தயிராகாது, உடையாது, குழி விழாது. எக்ஸ்ரே சுத்தமாக இருக்கும், அல்லது வழக்கமாகப் பார்க்கும் மேல்பகுதியை விட்டுவிட்டு எங்கேயோ அடியில் லேசாக மங்கலாக இருக்கும். கிருமி குறைந்துவிட்டது என்று அர்த்தமில்லை. தடுக்க ஆளில்லாமல் நிணநீர்க் கட்டி, ரத்தம், கல்லீரல், மூளையுறை என்று கால் போன போக்கில் போயிருக்கும். சளிக்கு மட்டும் வராது. மைக்ரோஸ்கோப்பில் தெரிய வேண்டுமென்றால் ஒரு மில்லி சளியில் ஐயாயிரம் முதல் பத்தாயிரம் கிருமியாவது இருக்க வேண்டும். நான் நூறு ஃபீல்டு பார்த்தாலும் சரி, முந்நூறு பார்த்தாலும் சரி.

காசநோய் பார்க்கக் கையில் போடும் மாண்டூ ஊசியும் இதே கதைதான். அந்தத் தடிப்பை உண்டாக்குவது கிருமி இல்லை, சிடி4. அது இல்லாதவர் கையில் ஊசி போட்ட இடம் வழவழவென்றுதான் இருக்கும். எக்ஸ்ரேக் குழி, சிவப்புக் குச்சி, மாண்டூ தடிப்பு என்று நாம் நம்பும் மூன்றுமே உடம்பு சண்டை போட்டதன் தடயங்கள். நாய் குரைக்கவில்லை, அதனால் திருடன் வரவில்லை என்று நிம்மதியாகப் படுக்கிறோம். அந்த வீட்டில் நாய் இருக்கிறதா என்று ஒருவரும் எட்டிப் பார்ப்பதில்லை.

எட்டிப் பார்க்காததற்கு நம் ஊரில் ஒரு தனிக் காரணமும் இருக்கிறது. சேலத்தில் எந்த இருமலுக்கும் ஒரு காரணம் தயாராக இருக்கும். கொலுசுப் பட்டறைக்காரர் என்றால் பற்றவைக்கிற புகை. அம்மாப்பேட்டைத் தறிக்காரர் என்றால் பஞ்சுத் தூசு. மாமாங்கம் பக்கம் மாக்னசைட் சுரங்கத்துக்காரர் என்றால் வெள்ளைப் புழுதி. மலையிலிருந்து இறங்கி வந்தவர் என்றால் பனி. எல்லாமே உண்மைதான், அதுதான் சிக்கல். அவர் செய்யும் தொழிலே இருமலுக்குப் பதில் சொல்லிவிடுவதால் அடுத்த கேள்வி எழுவதில்லை. கல்குவாரிக்காரர் என்றால் இன்னும் கவனம் வேண்டும். சிலிக்கா தூசு படிந்த நுரையீரலில் எச்.ஐ.வி.யும் சேர்ந்தால் காசநோய் வாய்ப்பு கூட்டல் கணக்கில் ஏறுவதில்லை, பெருக்கல் கணக்கில் ஏறுகிறது என்பதையும் அந்தத் தங்கச் சுரங்கங்களில்தான் கண்டார்கள்.

மலையைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். எனக்கு அங்கே ஒரு கடன் இருக்கிறது.

நாகலூர்ப் பக்கம் காப்பித் தோட்டத்தில் பழம் பறிக்கப் போகும் பெண், முப்பது வயதுகூட இருக்காது. அவரை நான் பார்த்ததில்லை, அவருடைய ரத்தம் எடுத்த டியூப் மட்டும்தான் என் கைக்கு வந்தது. வறட்டு இருமல், சளியே இல்லை. மேட்டில் ஏறினால் மூச்சு வாங்குகிறது. உட்கார வைத்து விரலில் ஆக்சிமீட்டர் மாட்டிப் பார்த்திருக்கிறார்கள், 96. ஸ்டெத் வைத்தால் நெஞ்சு சுத்தம். மலைக்குளிருக்கு வந்த ஆஸ்துமா என்று இன்ஹேலர் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். ரத்தத்தில் ஹீமோகுளோபினுக்கு மட்டும் வட்டம் போட்டிருந்தது. லிம்போசைட், அதாவது சிடி4-உம் அடங்கும் வெள்ளணு வகை, ரொம்பக் குறைவாக இருந்ததை நான் எழுதியிருந்தேன். எழுதினேனே தவிர போன் போட்டுச் சொல்லவில்லை. டாக்டரும் பார்த்ததாகத் தெரியவில்லை. மூன்றாவது வாரம் அவருடைய அண்ணன் பழைய ரிப்போர்ட்டின் நகல் வாங்க வந்தார். சேலத்தில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்து நாலாம் நாள் முடிந்துவிட்டதாம். நியூமோசிஸ்டிஸ் நிமோனியா என்று எழுதியிருந்த தாளைக் காட்டினார்.

“நடந்தாத்தாண்ணா வாங்குது, உக்காந்தா சரியாயிருதுன்னு சொல்லிட்டேதான் இருந்துச்சுங்க. உக்காந்தா சரியாயிருதில்லன்னு நாங்களும் விட்டுட்டோம்.”

எய்ட்ஸ் என்ற நோய் உலகத்துக்குத் தெரியவந்ததே இந்த நிமோனியா வழியாகத்தான். 1981 ஜூன் 5-ம் தேதி அமெரிக்க அரசின் வாராந்தரச் சுகாதார அறிக்கையில், லாஸ் ஏஞ்சலஸ் நகரில் ஐந்து இளைஞர்களுக்கு இது வந்திருப்பதாகக் குறிப்பு வெளியானது. வைரஸைக் கண்டுபிடிக்க அதற்கப்புறம் இரண்டு வருஷம் ஆயிற்று. நம் நாட்டில் முதன்முதலாக எச்.ஐ.வி.யைக் கண்டது 1986-ல், சென்னை மருத்துவக் கல்லூரியின் சுனிதி சாலமனும் அவருடைய மாணவி நிர்மலாவும். லேப் வேலைக்கு வந்த எங்களுக்கெல்லாம் நிர்மலா கதை ரொம்பப் பிடிக்கும், ரத்த மாதிரியைச் சேகரித்து அலைந்த கதை ஆயிற்றே.

நியூமோசிஸ்டிஸ் ஒரு பூஞ்சை. பெரும்பாலும் சிடி4 200-க்குக் கீழே போனவர்களைப் பிடிக்கும். காற்றுப்பைகளை நுரையால் நிரப்புவதால் உட்கார்ந்திருக்கும்போது சமாளிக்கிற ஆக்சிஜன், நடந்ததும் சரியும். கொரோனாவுக்குப் பிறகு ஆக்சிமீட்டர் இல்லாத கிளினிக் எனக்குத் தெரிந்து இல்லை. விரலில் மாட்டியபடியே வராந்தாவில் நாலு சுற்று நடக்கச் சொல்லுங்கள், அது போதும். ஏற்காடு கிட்டத்தட்ட 1,500 மீட்டர் உயரம். அங்கே நல்ல ஆளுக்கே எண் ஒன்றிரண்டு குறைவாகத்தான் காட்டும், அதனால் உட்கார்ந்த எண்ணை வைத்து முடிவுக்கு வர வேண்டாம். நடந்த பிறகு மூன்று நான்கு இறங்கினால் அவரை வீட்டுக்கு அனுப்பக் கூடாது. இந்த நோய் வராமல் தடுக்கும் கோட்ரைமாக்சசோல் மாத்திரையின் விலை உங்களுக்கே தெரியும். சிடி4 எண்ணிக்கை குறைந்தவர்களுக்கு, எச்.ஐ.வி.க்கு மருந்து கொடுக்கும் ஏஆர்டி மையத்தில் சும்மாவே கொடுக்கிறார்கள். அந்தப் பெண் ஒருமுறை எச்.ஐ.வி. பரிசோதனைக்குப் போயிருந்தால் அது கைக்கு வந்திருக்கும்.

கொலுசுக்காரரிடம் திரும்பி வருகிறேன். அந்த ஐந்து மாதத்தில் என்னென்ன சாப்பிட்டார் என்று அவர் மனைவி பையிலிருந்த சீட்டுகளை மேசையில் பரப்பிக் காட்டினார். இருமல் டானிக் நாலு விதம். லீவோஃப்ளாக்சசின் என்னும் ஆன்டிபயாடிக் இரண்டு தவணை. நடுவில் ‘சத்து ஊசி’ என்று மூன்று முறை. அது டெக்ஸா என்னும் ஸ்டீராய்டு என்று மேடம் சீட்டைப் பார்த்ததும் சொன்னார். லீவோஃப்ளாக்சசின் காசநோய்க் கிருமியையும் பாதி அடக்கும். ஆள் ஒரு வாரம் தெம்பாக இருப்பார், சளியில் மிச்சமிருந்த கிருமியும் கண்ணில் படாமல் போகும், அப்புறம் எல்லாம் திரும்பும். டெக்ஸா போட்டால் காய்ச்சல் இறங்கும், பசிக்கும், டாக்டர் கைராசிக்காரர் என்று பெயர் கிடைக்கும். ஏற்கனவே காவல் இல்லாத வீட்டில் கதவையும் கழற்றிக் கொடுத்த மாதிரி. இதைச் சொல்ல எனக்குத் தகுதியில்லை என்று கோபப்படுவீர்கள். படுங்கள். அந்தச் சீட்டுகளைப் பார்த்தவள் நான்தான்.

நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. எல்லாருக்கும் இரண்டு வாரம் இருமினால் காசநோய் பார்க்க வேண்டும் என்பது கணக்கு. எச்.ஐ.வி. உள்ளவருக்கு அந்தக் கணக்கு கிடையாது. ஒரே நாள் இருமலானாலும், இருமலே இல்லாமல் காய்ச்சலோ, எடை இறங்கலோ, இரவு வியர்வையோ இருந்தாலும் காசநோய் பார்க்க வேண்டும் என்பதுதான் விதி. பார்ப்பது என்றால் ஸ்மியர் இல்லை, கிருமியின் மரபணுவைத் தேடும் நாட் பரிசோதனை. சிபிநாட்டோ ட்ரூநாட்டோ, ஒரு மில்லியில் நூறு நூற்றைம்பது கிருமி இருந்தாலே பிடித்துவிடும், முக்கியக் காசநோய் மருந்தான ரிஃபாம்பிசினுக்கு மசியுமா என்றும் சேர்த்துச் சொல்லும். தனியார் கிளினிக் சீட்டோடு வருபவருக்கும் அரசு காசநோய் மையத்தில் இலவசம். இருபது கொண்டை ஊசி வளைவும் இறங்கி, ஒருநாள் கூலியையும் விட்டு, ஆள் வரவேண்டும் என்பதுகூட இல்லை. சளி டப்பா மட்டும் வந்தால் போதும். உங்கள் பகுதிக் காசநோய்ப் பணியாளரின் எண்ணை மேசைக் கண்ணாடிக்கு அடியில் வையுங்கள், பாதி வேலையை அவர் பார்த்துக்கொள்வார். சிடி4 எண்ணிக்கை ரொம்பக் கீழே போனவருக்கும், எழுந்திருக்க முடியாமல் இருப்பவருக்கும் சளியே வராது. அவர்களுக்குச் சிறுநீரில் பார்க்கும் லாம் பட்டை இருக்கிறது, 25 நிமிஷத்தில் கோடு விழும். கிருமி உடம்பெங்கும் பரவியிருப்பதால்தான் சிறுநீரில் தெரிகிறது. ஸ்மியரை ஏமாற்றிய அதே காரணம் இங்கே காட்டிக்கொடுக்கிறது.

ஸ்மியரில் நெகட்டிவ் என்று ஒரு சீட்டு உங்கள் கைக்கு வந்து, ஆள் மட்டும் இளைத்துக்கொண்டே போனால், எச்.ஐ.வி. பரிசோதனை எழுதுங்கள். என் சீட்டை நம்பாதீர்கள் என்று சொல்லவில்லை. யாருடைய சளியை வைத்து எழுதினது என்று தெரிந்துகொண்டு நம்புங்கள்.

‘எச்.ஐ.வி. எழுதினால் பேஷண்ட் அடுத்த கிளினிக்குக்குப் போய்விடுவார்’ என்று உங்களில் ஒருவரே என்னிடம் சொல்லியிருக்கிறார். போவார்கள்தான். ஏன் போகிறார்கள் என்றும் எனக்குத் தெரியும். ஆரம்ப காலத்தில் நான் வேலை பார்த்த ஓரிடத்தில் பாசிட்டிவ் ஆனவரின் ஃபைல் மேல் சிவப்பு மையால் வட்டம் போட்டு வைப்பார்கள். அதை வார்டு ஆயா பார்ப்பார், கேன்டீன் பையன் பார்ப்பான், சாயங்காலத்துக்குள் ஊருக்கே தெரிந்துவிடும். சில நாள் அந்த வட்டத்தை நானே போட்டிருக்கிறேன். 2017-ல் வந்த எச்.ஐ.வி. சட்டம் 2018 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்துவிட்டது. சம்மதம் வாங்காமல் பரிசோதனை கூடாது, முடிவை வெளியே சொல்லக் கூடாது, எச்.ஐ.வி. என்பதற்காகச் சிகிச்சை மறுக்கக் கூடாது. கதவைச் சாத்திவிட்டு, சர்க்கரை பார்க்கிற மாதிரி இதையும் பார்த்துவிடலாமா என்று கேட்டால் பெரும்பாலானவர்கள் சரி என்றுதான் சொல்கிறார்கள். தயங்குகிறவரை, எச்.ஐ.வி.க்கு ஆலோசனையும் பரிசோதனையும் தரும் அரசு நம்பிக்கை மையத்துக்கு அனுப்புங்கள். அங்கே இருக்கும் ஆலோசகர்களுக்குப் பேசத் தெரியும். லேபில் இருக்கும் எனக்கு அவருக்கு என்ன என்று தெரிய வேண்டியதே இல்லை. உங்களுக்குத் தெரிந்தால் போதும், என் சீட்டை எப்படிப் படிப்பது என்று நீங்கள் முடிவு செய்துகொள்வீர்கள்.

ஏற்கனவே எச்.ஐ.வி.க்கான கூட்டு மருந்து சாப்பிடுகிறவர், வெளியே சொல்லப் பயந்து, உங்களிடம் வெறும் இருமலுக்கு வந்து நிற்பார். அவருக்குத் தெரியாமல் காசநோய் மாத்திரையை ஆரம்பித்தால் ரிஃபாம்பிசின் அந்த மருந்தின் அளவைக் குடித்துவிடும். கூட்டு மருந்தில் இருப்பது டோலுடெக்ராவிர் என்றால் அதன் ஒருவேளையை இருவேளையாக்க வேண்டும். இது தெரியவும் முதலில் அவர் வாய் திறக்க வேண்டும். வைரஸ் ரத்தத்தில் தென்படாத அளவுக்கு அடங்கின பிறகும் நுரையீரல் பழையபடி முழுசாக ஆகிவிடுவதில்லை என்பதையும் மறந்துவிடாதீர்கள். பீடி, சிகரெட் பிடிக்கிறவர் என்றால் காற்றுப்பைகள் சிதையும் எம்ஃபிசிமா மற்றவர்களைவிடச் சின்ன வயதிலேயே வந்து நிற்கும்.

கொலுசுக்காரர் பிழைத்துக்கொண்டார். காசநோய் மாத்திரை தொடங்கிக் கொஞ்ச நாளில் கூட்டு மருந்தும் தொடங்கினார்கள். மூன்றாவது வாரம் கழுத்துக் கட்டி இரண்டு மடங்காக வீங்கி, காய்ச்சல் 103-க்குப் போனது. ஊரடங்கு நேரம், பஸ் இல்லை. பக்கத்துத் தெரு டாக்டர் ஒருவர், புது மருந்து ஒத்துக்கொள்ளவில்லை, நிறுத்துங்கள் என்றார். மனைவி எனக்குப் போன் போட்டார். நான் மேடத்துக்குப் போட்டேன். “நிறுத்த விடாதே! செல்லு திரும்பி வருது, இப்பத்தான் கிருமியைப் பார்க்குது” என்று மேடம் கத்தினது இன்னும் காதில் இருக்கிறது. இத்தனை நாள் தூங்கிக் கிடந்த காவல் ஒரேயடியாக எழுந்து அடிப்பதால் வரும் வீக்கம் அது. ஏஆர்டி மையத்தில் பார்த்து, மருந்தை நிறுத்தாமல், கொஞ்ச நாள் ஸ்டீராய்டு கொடுத்து அடக்கினார்கள். அதே வகை மருந்துதான், ஆனால் நோய் என்னவென்று தெரிந்து, எதிர்மருந்தும் கூடவே ஓடும்போது கொடுத்தது. உங்களிடம் யாராவது ‘மாத்திரை ஆரம்பித்த பிறகுதான் மோசமாச்சு’ என்று வந்தால், நிறுத்தச் சொல்வதற்கு முன் அந்த மையத்துக்கு ஒரு போன் போடுங்கள்.

வீக்கம் வடிந்த பிறகு அதே இடத்தில் மேடம் இன்னொரு முறை ஊசி குத்தினார். இந்தத் தடவை சிவப்புக் குச்சி சில ஃபீல்டுக்கு ஒன்று, தேடினால்தான் கிடைத்தது. சுற்றிலும் கிரானுலோமா, ஒன்றை ஒட்டி ஒன்று. மேடம் என்னைக் கூப்பிட்டு லென்ஸில் பார்க்கச் சொன்னார். நோயை ஸ்லைடில் பார்த்துச் சந்தோஷப்பட்டது என் சர்வீஸில் அந்த ஒருமுறைதான்.

அவர் இப்போது புகைவேலையை விட்டுவிட்டு, அதே பட்டறையில் கொலுசு எடைபோட்டுக் கணக்கு எழுதுகிறார். போன பொங்கலுக்கு வந்திருந்தார். இப்படி ஒரு மடல் எழுதலாமா என்று கேட்டேன். “தாராளமா எழுதுங்கக்கா, பேரை மட்டும் போட்டுறாதீங்க” என்றார்.

அவருடைய மூன்று ஸ்லைடும் என்னிடம் இருக்கின்றன. ஐப்பசிச் சளி, மாசிச் சீழ், பிறகு எடுத்தது. பெயர் கிடையாது, ஒன்று இரண்டு மூன்று என்று வைரப் பென்சிலால் கீறியிருக்கிறேன். சிவப்பு கொஞ்சம் வெளுத்துவிட்டது, ஆனாலும் தெரியும். உங்கள் சங்கக் கூட்டத்தில் ஒரு மைக்ரோஸ்கோப்பும் அரைமணி நேரமும் கொடுத்தால் எடுத்துக்கொண்டு வருகிறேன். ஒன்றாம் நம்பரை முதலில் வைக்கிறேன். நூறு ஃபீல்டையும் நீங்களே நகர்த்திப் பாருங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற லேப் டெக்னீஷியன் ஒருத்தி,
சேலம்.